அத்தியாயம் 7: உயரத்தைப் பிடித்து நிறுத்தும் சர்க்யூட்

60 கிராம் எடையுள்ள சிறு ட்ரோன் ஒன்றின் நான்கு இறக்கைகளும் சேர்ந்து சரியாக 60 கிராம் தூக்கினால் அது அந்தரத்தில் நிற்கும். அதைவிட 1 சதவீதம் மட்டும், அதாவது அரை கிராமுக்குச் சற்று மேல், கூடுதலாகத் தூக்கினால் மெல்ல ஏறத் தொடங்கும். 5 விநாடியில் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயர்ந்திருக்கும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அதுவும் கூடிக்கொண்டே போகும். 1 சதவீதம் குறைந்தாலோ இதே கணக்கில் தரைக்கு வந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. மோட்டார் வேகக் குமிழைப் பாதி திருகினால் பாதி உயரம், முழுதும் திருகினால் முழு உயரம் என்றுதான் புதிதாக ட்ரோன் கட்டுகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். குமிழ் உயரத்தைத் தருவதில்லை. அது தருவது மேல்நோக்கிய முடுக்கத்தை. முடுக்கம் சேர்ந்து வேகமாகிறது, வேகம் சேர்ந்து உயரமாகிறது. பேட்டரி வடிவதையும் மோட்டார் சூடாவதையும் வைத்துக்கொண்டு 1 சதவீதத் துல்லியத்தில் கையால் குமிழைப் பிடித்திருக்க யாராலும் முடியாது. ஆகவே உயரத்தை அளக்க ஓர் உணர்வி, அளந்ததைப் பார்த்துத் திருத்த ஒரு சிறு கணினி, அதன் சொல்லை மோட்டாருக்குக் கொண்டுபோக ஒரு ஸ்விட்ச் ஆகிய மூன்றும் வேண்டும்.

555 ஐசியும் ஒரு குமிழும் வைத்து மோட்டார் வேகத்தை மாற்றும் சர்க்யூட்டைப் பல பொழுதுபோக்குப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். மின்விசிறிக்கு அது நல்லது, இங்கே உதவாது. அது வேகத்தை மட்டும்தான் மாற்றும். போதாக்குறைக்கு, வழக்கமான என்இ555 ஓடக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். நம் ஒற்றை செல் லிப்போ பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனாலும் 4.2 வோல்ட்தான் தரும்.

என்னென்ன வாங்க வேண்டும்

மோட்டார் நான்கும் 8520 என்று விற்கும் கோர்லெஸ் வகை. 8.5 மி.மீ. தடிமன், 20 மி.மீ. நீளம். இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்ற வேண்டும், எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசையில். அவற்றுக்குப் பொருந்தும் 55 மி.மீ. ப்ரொப்பெல்லரையும் இரண்டு திசைக்கும் கேட்டு வாங்குங்கள். பேட்டரி 600 மில்லி ஆம்பியர்-மணி, 25சி. மூளைக்கு 3.3 வோல்ட், 8 மெகா ஹெர்ட்ஸ் ஆர்டுயினோ ப்ரோ மினி. ஊனோ பலகை இந்தச் சட்டத்துக்கு மிகக் கனம். சட்டத்தை ஐஸ் குச்சியால் செய்தாலே போதும். எல்லாம் சேர்த்து 60 கிராமை ஒட்டி வர வேண்டும். 75ஐத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இவை அனைத்தும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

மோட்டார் ஸ்விட்ச்

ஆர்டுயினோவின் ஒரு கால் பாதுகாப்பாகத் தரக்கூடியது சுமார் 20 மில்லி ஆம்பியர். முழு வேகத்தில் ஒரு மோட்டாருக்கே 2 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். நடுவில் நின்று இந்தப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது மாஸ்ஃபெட். ஏஓ3400 அல்லது எஸ்ஐ2302, மோட்டாருக்கு ஒன்று என நான்கு வாங்குங்கள்.

தேர்வில் கவனம் வேண்டிய இடம் இது. கடையில் பெரிதாகவும் உறுதியாகவும் தெரிகிறதே என்று ஐஆர்எஃப்இசட்44ஐ எடுக்காதீர்கள். அதன் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். நம்மிடம் இருப்பது 3.5 வோல்ட் சுற்றுவட்டாரம். அரைகுறையாகத் திறந்து சூடாகும், மோட்டார் நோஞ்சானாகச் சுற்றும். டிஐபி122 போன்ற டார்லிங்டன் டிரான்சிஸ்டரும் ஆகாது. 3.7 வோல்ட்டில் ஏறத்தாழ 1 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடும். ஏஓ3400 ஏறத்தாழ அரிசிமணி அளவுதான், ஆனால் 2.5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறந்துகொள்ளும்.

இணைப்பு இப்படி. மோட்டாரின் நேர்முனை வயர் பேட்டரியின் நேர்முனைக்கு. எதிர்முனை வயர் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு. சோர்ஸ் பேட்டரியின் எதிர்முனைக்கு. ஆர்டுயினோவின் 9ஆம் காலிலிருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக 470 ஓம் ரெசிஸ்டர். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். இந்த 10 கிலோ ஓமை விட்டுவிடாதீர்கள். ஆர்டுயினோ உயிர்பெறும் முதல் விநாடியில் அதன் கால் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும். அந்த நேரத்தில் மோட்டார் தானாகச் சுற்றிக் கையைக் கீறாமல் காப்பது இந்த ரெசிஸ்டர்தான்.

மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு ஷாட்கி டயோடு, 1என்5819 அல்லது எஸ்எஸ்34. கோடு போட்ட முனை பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை மாஸ்ஃபெட் மூடும்போதும் மோட்டார் சுருளில் தேங்கிய ஆற்றல் வெளியேற வழி தேடும். டயோடு அந்த வழி. கையில் இருக்கிறதே என்று 1என்4007ஐப் போடாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது; நாம் ஓட்டப்போகும் 15 கிலோ ஹெர்ட்ஸ் வேகத்துக்கு ஈடு கொடுக்காது, மாஸ்ஃபெட்டையும் சேர்த்துச் சுடவைக்கும். மோட்டார் முனைகளிலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றையும் சால்டர் செய்தால் பிரஷ் எழுப்பும் மின்சத்தம் அடங்கும்.

ஏன் 15 கிலோ ஹெர்ட்ஸ்? ப்ரோ மினியின் 9ஆம் கால் இயல்பாக விநாடிக்கு சுமார் 245 முறைதான் திறந்து மூடும். கோர்லெஸ் மோட்டாரின் சுருள் மிக லேசானது. அந்த மெதுவான துடிப்பில் மின்னோட்டம் ஏறி இறங்கி மோட்டார் வீணாகச் சூடாகும், ஆயுளும் குறையும். நிரலில் 1ஆம் டைமரின் வகுத்தியை 64இலிருந்து 1ஆக மாற்றினால் துடிப்பு 15.7 கிலோ ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒரே வரி வேலை.

மூளைக்குத் தனி மூச்சு

நான்கு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும்போது பேட்டரி வோல்ட் சட்டென்று சரியும். ஆர்டுயினோ அணைந்து மறுபடி உயிர்பெறும், மோட்டார் மறுபடி கிளம்பும், மறுபடி சரியும். துள்ளித் துள்ளி விழும் ட்ரோன்களில் பலவற்றுக்கு நோய் இதுதான். நிரலில் தேடினால் கிடைக்காது. மருந்து எளிது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து இன்னொரு ஷாட்கி டயோடு வழியாக ஆர்டுயினோவின் விசிசி காலுக்கு மின்சாரம் கொடுங்கள். டயோடைத் தாண்டியபின் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை எதிர்முனைக்கு இணையுங்கள். வோல்ட் சரியும் அந்தக் கணத்தில் கெப்பாசிட்டர் ஆர்டுயினோவைத் தாங்கும். டயோடு அந்த மின்சாரம் மோட்டார் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும். ரா என்று எழுதியிருக்கும் காலை இங்கே பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள ரெகுலேட்டருக்கு வேண்டிய மிகுதி வோல்ட் ஒற்றை செல்லில் கிடைக்காது. பலகையில் உள்ள சிப் 4.2 வோல்ட்டையும் தாங்கும்.

எதிர்முனை வயர்களையும் பாருங்கள். மோட்டார்களின் தடித்த வயரும் ஆர்டுயினோவின் மெல்லிய வயரும் பேட்டரி கனெக்டரில் மட்டுமே சந்திக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் மோட்டார் மின்னோட்டம் உணர்வியின் அளவைக் கெடுக்கும்.

உயரத்தை அளப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. பிஎம்பி280 போன்ற காற்றழுத்த உணர்வி மலிவு, எடையும் இல்லை. ஆனால் தரையருகே 1 மீட்டர் ஏறினால் அழுத்தம் குறைவது வெறும் 12 பாஸ்கல். அறைக் கதவைத் திறந்தாலே, ஏன், சொந்த இறக்கையின் காற்று பட்டாலே அந்த அளவு ஆடிவிடும். மொட்டை மாடிக்கு மேல் பறக்கும் பெரிய ட்ரோனுக்கு அது துணை. அறைக்குள் 50 செ.மீ. உயரத்தைப் பிடிக்க அதை நம்ப முடியாது. மீயொலி உணர்வி எச்சி-எஸ்ஆர்04 பள்ளித் திட்டங்களில் பிரபலம், ஆனால் 5 வோல்ட் கேட்கும், நம் கணக்கில் கனமும் கூட.

எடுக்க வேண்டியது விஎல்53எல்0எக்ஸ். கண்ணுக்குத் தெரியாத 940 நானோ மீட்டர் லேசர் துடிப்பை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்லும். பலகையோடு சேர்த்து ஓரிரு கிராம்தான். நல்ல சூழலில் 2 மீட்டர் வரை அளக்கும். நாம் 1 மீட்டருக்குள் நின்றுகொள்வோம். சுவீடனின் பிட்கிரேஸ் நிறுவனம் தன் கிரேஸிஃப்ளை என்ற 27 கிராம் ட்ரோனுக்கு உயரம் அளக்கச் செய்த முதல் துணைப்பலகையிலும் இதே உணர்விதான் இருந்தது. இணைப்புக்கு நான்கு வயர்: மின்சாரம் இரண்டு, எஸ்டிஏ 4ஆம் அனலாக் காலுக்கு, எஸ்சிஎல் 5ஆம் அனலாக் காலுக்கு. சட்டத்தின் நடு அடியில், தரையை நேராகப் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இதன் குணங்களை அறிந்து நடந்துகொள்ள வேண்டும். வெயிலில் தடுமாறும், எனவே சோதனை அறைக்குள்தான். கறுப்புத் துணியும் கறுப்புக் கம்பளமும் ஒளியை விழுங்கும். தரையில் வெள்ளைச் சார்ட் ஒன்றை விரித்துவிடுங்கள். பார்வைக் கூம்பு 25 பாகை அகலம், ஆகவே 1 மீட்டர் உயரத்தில் தரையில் ஏறத்தாழ 44 செ.மீ. வட்டத்தைப் பார்க்கிறது. அந்த வட்டத்துக்குள் டப்பாவோ காலோ வயரோ இருந்தால் அதையே தரை என்று எண்ணிக்கொள்ளும்.

கைப்பெட்டி

வேண்டிய உயரத்தைச் சொல்ல 10 கிலோ ஓம் குமிழ் ஒன்று. அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் இணைப்பைத் தரும் பொத்தான் ஒன்று. இரண்டையும் சிறு பெட்டியில் வைத்து மூன்று மெல்லிய வயரால் ட்ரோனோடு இணையுங்கள். பழுதான இயர்போன் வயர் அருமையாகப் பொருந்தும். வயரைப் பக்கவாட்டிலிருந்து விடுங்கள், உணர்விக்கு அடியில் தொங்க வேண்டாம்.

இந்தப் பெட்டியின் சர்க்யூட்டுக்கு நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள், பாதுகாப்பு முழுதும் இதில்தான். விசிசியிலிருந்து வரும் வயர் முதலில் பொத்தான் வழியாகப் போகட்டும், பிறகு 2.2 கிலோ ஓம், பிறகு குமிழின் மேல் முனை. குமிழின் கீழ் முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எதிர்முனை. நடு முனை ஆர்டுயினோவின் 0ஆம் அனலாக் காலுக்கு; அந்தக் காலிலிருந்து எதிர்முனைக்கு ட்ரோனின் பலகையிலேயே 100 கிலோ ஓம்.

இப்போது குமிழை எப்படித் திருகினாலும் நடு முனையின் வோல்ட், விசிசியின் சுமார் 7 முதல் 82 சதவீதத்துக்குள் மட்டுமே இருக்கும். பொத்தானை விட்டால் சுழியம். நடு வயர் அறுந்தாலும் சுழியம், மேல் வயர் அறுந்தாலும் சுழியம். எதிர்முனை வயர் அறுந்தால்? 89 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆகவே நிரலில் ஒரே விதி: 4 சதவீதத்துக்குக் கீழோ 85க்கு மேலோ போனால் மோட்டாரை உடனே நிறுத்து. மூன்றில் எந்த வயர் அறுந்தாலும் ட்ரோன் நின்றுவிடும். இத்தனைக்கும் செலவு மூன்று ரெசிஸ்டர்.

நிரல் என்ன செய்கிறது

உணர்வி விநாடிக்கு சுமார் 30 முறை அளக்கும். ஒவ்வொரு அளவிலும் நிரல் இரண்டு கேள்வி கேட்கிறது. வேண்டிய உயரத்துக்கும் இருக்கும் உயரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? இந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது?

முதல் கேள்வியை மட்டும் கேட்கும் நிரல்தான் பெரும்பாலும் தோற்கிறது. ட்ரோன் 50 செ.மீ. இலக்குக்குக் கீழே இருக்கிறது, எனவே தூக்கு. இலக்கை எட்டும்போது இடைவெளி சுழியம், ஆனால் அதற்குள் நல்ல வேகம் பிடித்துவிட்டது. தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். தள்ளிவிட்ட ஊஞ்சல் நடுவில் நிற்காததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. மோட்டாரும் உணர்வியும் சற்றுத் தாமதமாக வேலை செய்வதால் இந்த ஆட்டம் அடங்குவதற்குப் பதில் வளரும். இரண்டாவது கேள்வி இதை அடக்குகிறது: ஏறும் வேகத்துக்கு ஏற்பத் தூக்கலைக் குறை, இறங்கும் வேகத்துக்கு ஏற்பக் கூட்டு. இதைத் தணிப்பு என்போம்.

மோட்டாருக்குக் கொடுக்கும் அளவை 0 முதல் 255 வரை எண்ணாக வைத்துக்கொண்டால் வாய்பாடு இதுதான்: மிதப்பு எண் (ட்ரோன் அந்தரத்தில் நிற்கத் தேவையான அளவு), கூட்டல் இடைவெளி (செ.மீ.) பெருக்கல் 0.5, கழித்தல் வேகம் (விநாடிக்கு செ.மீ.) பெருக்கல் 0.4. மிதப்பு எண் 130ஐ ஒட்டி வரும் 60 கிராம் ட்ரோனுக்கு இடைவெளிப் பெருக்கி 0.5, தணிப்பு 0.4 என்ற இந்த இரண்டு எண்ணும் நல்ல தொடக்கம். வேகத்தை அடுத்தடுத்த இரு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து எடுக்கிறோம். உணர்வி 1 செ.மீ. தவறினாலே அது விநாடிக்கு 30 செ.மீ. வேகம் போலத் தெரியும். எனவே பழைய வேகத்தில் 7 பங்கும் புதியதில் 3 பங்கும் கலந்து பயன்படுத்துங்கள். அதற்கு மேல் மழுப்பினால் தணிப்பே தாமதமாகி ஆட்டம் திரும்ப வரும்.

சேர்ப்பு உறுப்பு என்று இன்னும் ஒரு சிறு உறுப்பு வேண்டும். 4.2 வோல்ட்டிலிருந்து 3.5க்கு பேட்டரி வடியும்போது, அதே எண்ணுக்கு இறக்கை தூக்குவது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். இடைவெளியை விநாடிதோறும் சேர்த்து, 0.05ஆல் பெருக்கிக் கூட்டினால் இந்தக் குறை தானாக நிரம்பும். கூட்டல் 25 எண்ணுக்கு மேல் போகவிடாதீர்கள். சுமார் 10 செ.மீ. உயரம் வரும்வரை சேர்க்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்திருக்கும்போதே சேர்த்தால், கிளம்பும்போது கூரையைப் பார்த்துப் பாயும்.

சோதனைத் தாங்கி

உத்தரத்திலிருந்து தரைக்கு இரண்டு தூண்டில் நரம்பை, 0.3 மி.மீ. தடிமனில், விறைப்பாகக் கட்டுங்கள். சட்டத்தின் இரு எதிர்ப்பக்கங்களிலும் தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் துண்டுகளை நேர் செங்குத்தாக ஒட்டி, நரம்பை அவற்றின் வழியே விடுங்கள். இனி ட்ரோன் மேலும் கீழும் மட்டும் நகரும், சாயாது, சுழலாது. தடித்த கயிறு வேண்டாம், உணர்வியின் கண்ணில் படும். தரைக்குச் சுமார் 1.2 மீட்டர் மேலே நரம்பில் முடிச்சுப் போட்டு ஒரு பெரிய பாசிமணியைக் கோத்துவிட்டால் அதுவே மேல் எல்லை.

மிதப்பு எண்ணைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் தராசு போதும். மணல் நிரப்பிய உயரமான எவர்சில்வர் டம்ளரின் மேல் ட்ரோனைத் தலைகீழாக இறுகக் கட்டித் தராசில் வையுங்கள். காற்று மேலே போகும், தூக்கல் தராசை அழுத்தும். தராசைச் சுழியமாக்கி, எண்ணை ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். காட்டும் அளவு ட்ரோனின் எடையைத் தொடும் எண்ணே மிதப்பு எண். 180க்கு மேல் போனால் ட்ரோன் கனம் அல்லது ப்ரொப்பெல்லர் தவறான திசையில் மாட்டப்பட்டிருக்கிறது. இதற்கு முன்பே, ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஒவ்வொரு மோட்டாராக ஓட்டிப் பார்த்து, மாஸ்ஃபெட் சூடாகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு நூல்கள் பலவும் முதலில் இடைவெளிப் பெருக்கியைச் சரிசெய்யச் சொல்கின்றன. உயரத்துக்கு நான் மாற்றிச் சொல்வேன்: தணிப்பை முதலில் வையுங்கள். இடைவெளிப் பெருக்கியையும் சேர்ப்பு உறுப்பையும் சுழியமாக்கி, தணிப்பு 0.4உடன், நரம்பில் ட்ரோனைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விடுங்கள். மிதப்பு எண் 5 கூடுதலாக இருந்தால் விநாடிக்கு 12 செ.மீ. வேகத்தில் நிதானமாக ஏறும், ஆனால் வேகம் மேலும் கூடாது. குறைவாக இருந்தால் அதே நிதானத்தில் இறங்கும். இதைப் பார்த்து மிதப்பு எண்ணைத் திருத்துங்கள். பிறகு இடைவெளிப் பெருக்கியை 0.1இலிருந்து 0.5 வரை ஏற்றுங்கள். ட்ரோன் மெதுவாக மேலும் கீழும் ஆடினால் தணிப்பு போதவில்லை. ஒரே இடத்தில் நின்று உறுமி நடுங்கினால் தணிப்பு அதிகம், அல்லது உணர்வி இரைச்சல் உள்ளே வருகிறது. கடைசியில்தான் சேர்ப்பு உறுப்பு.

தரைக்கு மிக அருகில், இறக்கையின் குறுக்களவு உயரத்துக்குள், கீழே தள்ளிய காற்று தரையில் மோதித் தூக்கலைக் கூட்டும். அங்கே கொஞ்சம் துள்ளினால் நிரலைக் குறைசொல்ல வேண்டாம். குமிழின் எல்லையை 20 முதல் 100 செ.மீ. வரை வைத்து, இலக்கை விநாடிக்கு 30 செ.மீ.க்கு மேல் நகரவிடாதீர்கள்.

பேட்டரிக்கு இரண்டு சொல். மோட்டார் ஓடும்போது 3.3 வோல்ட்டைத் தொட்டால் இறக்கிவிடுங்கள். சார்ஜ் செய்ய டிபி4056 பலகை சரி. ஆனால் அது 1 ஆம்பியர் தரும்படி வருகிறது, 600 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு அது அதிகம். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து 2 கிலோ ஓம் வைத்தால் 0.6 ஆம்பியர் ஆகிவிடும். வீங்கிய செல்லை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராமும் அதற்குக் கீழும் நானோ வகை; அதை ஓட்ட உரிமம் தேவையில்லை. அதை நினைத்து நரம்பை அவிழ்த்துவிடாதீர்கள். நான்கு மோட்டாருக்கும் ஒரே அளவைக் கொடுக்கும் இந்தச் சர்க்யூட்டால் உயரத்தை மட்டுமே பிடிக்க முடியும். சாய்வை அது அறியாது, நரம்பு இல்லாவிட்டால் அரை விநாடியில் கவிழும். எம்பியு6050 சாய்வு உணர்வியும் மோட்டாருக்குத் தனித்தனிக் கட்டளையும் அடுத்த அத்தியாயத்தில் வருகின்றன. அதுவரை நரம்பு இருக்கட்டும், கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளைக் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் உட்கார வைத்து வேடிக்கை காட்டுங்கள்.